லெந்து நாள்ல சிகரெட்ட விட்டேன்

18 வருஷம் சிகரெட் புடிச்சேன். ராணிப்பேட்டைல ஷூ கம்பெனில வேலை, ஷிஃப்ட் முடிஞ்சி காட்பாடி வீட்டுக்கு வர்றதுக்குள்ளயே மூணு போய்டும், ஒரு நாளைக்கு 12க்கு கம்மி கிடையாது. பாக்கெட்ல பாதிக்கு மேல அந்த கேன்சர் படம் தான், அத பாத்துகினே தான் பத்த வெப்பேன், பயம்லாம் வேலைக்காகல.

என்னை ஆட்டி வெச்சது சர்ச்சுல ஒரு திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் வாங்குற ஆராதனை. முழங்கால் போட்டு கைய நீட்டுறேன், எங்க சர்ச் போதகர் ஐயர் அப்பத்த உள்ளங்கைல வெக்கிறாரு, வாய்கிட்ட கொண்டு போனா விரல்ல சிகரெட் நாத்தம். சர்ச்சுக்கு வர்றதுக்கு முன்னாடி தான் ஒண்ணு இழுத்துட்டு வந்திருந்தேன். அழுதுட்டேன். நம்ம சரீரம் பரிசுத்த ஆவியோட ஆலயம்னு 1 கொரிந்தியர் 6:19ல சின்ன வயசுல சண்டே கிளாஸ்ல மனப்பாடம் பண்ணது, அன்னிக்கு தான் உள்ள எறங்குச்சு.

லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம், ஆரம்பிக்கிற சாம்பல் புதன் அன்னிக்கு நிறுத்துனேன். மொத மூணு நாள் தான் ரொம்ப கொடுமை, தூக்கம் இல்ல, பசங்க மேல எரிஞ்சி எரிஞ்சி விழுந்தேன். "ஆண்டவரே இந்த ஆசைய எடுத்துடுங்க"ன்னு ஜெபிச்சேன், ஆசை போகல. அப்புறம் டாக்டர் ஒருத்தர் சொன்னாரு, அந்த வெறி வந்தா சில நிமிஷம் தான் இருக்கும், தாண்டிட்டா தானா அடங்கும்னு. அந்த சில நிமிஷத்துக்கு இயேசு சொல்லிக்குடுத்த பரமண்டல ஜெபத்த பிடிச்சிக்கிட்டேன், மெதுவா, அஞ்சி ஆறு தடவ, "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்"னு வர்ற எடத்துல நிறுத்தி நிறுத்தி சொல்வேன். கூடவே 2 மில்லிகிராம் நிக்கோடின் கம், அத சும்மா மென்னுகினே இருக்கக்கூடாது, நாக்கு சுர்ருனு ஆனதும் கன்னத்துல ஒதுக்கி வெக்கணும். மருந்து எடுத்தா விசுவாசம் இல்லன்னு சபைல சில பேர் சொன்னாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், அந்த மருந்தையும் ஆண்டவர் குடுத்ததா தான் நெனைக்கிறேன்.

சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரைக்கும் எண்ணுனா 46 நாள், ஞாயித்துக்கிழமைய கழிச்சா தான் லெந்து 40 நாள். அந்த கணக்க சாக்கா வெச்சி மூணாவது ஞாயிறு ஒண்ணு புடிச்சிட்டேன். அன்னிக்கு சாயங்காலமே ஐயர்கிட்ட போய் சொன்னேன், அவர் திட்டல, தலைல கை வெச்சி ஜெபம் பண்ணிட்டு "நாளைக்கு வேலை முடிஞ்சதும் எனக்கு போன் பண்ணுப்பா"ன்னாரு. தினமும் பண்ணேன், ஈஸ்டர் வரைக்கும்.

இப்போ 14 மாசம் ஆகுது. முன்னாடி வெளிய நின்னு சிகரெட் புடிச்ச அதே டீக்கடைக்கு தான் போறேன், ஆனா இப்போ வெளிய நிக்கிறதில்ல, உள்ள பெஞ்சில உக்காந்து குடிச்சிட்டு வந்துடுவேன்.