நடுவில் 15 நிமிடம்

ஒரு குடியிருப்புப் பகுதியில் நடக்கும் ஃப்ரிஞ்ச் கலை விழாவில், அதாவது தேர்வு எதுவும் இல்லாமல் குழுக்கள் வந்து ஆடும் விழாவில், மூன்று வருடம் அரங்கப் பொறுப்பாளராக இருந்தேன். அரங்கம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு சமுதாயக் கூடம், 12 விளக்குகள், ஒலிக்கு ஒரு மிக்ஸர், 80 நாற்காலிகள். நாற்காலிகளில் பாதி அக்கம்பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கியவை.

ஒரே மேடையில் நாளுக்கு ஏழு குழுக்கள். ஒரு குழு இறங்கி இன்னொன்று ஏற 15 நிமிடம். அதற்குள் பழைய கூட்டம் வெளியேறி, செட் மாறி, மைக்கைச் சோதித்து, புதுக் கூட்டம் உட்கார்ந்தாக வேண்டும். விளக்குகளை ஆளுக்கொரு விதமாகத் திருப்ப நேரமே கிடையாது. நாடகத்துக்கும் நடனத்துக்கும் அதே வெளிச்சம்தான். யார் எங்கே நிற்பது என்று தரையில் குழுவுக்கு ஒரு நிறத்தில் டேப் ஒட்டியிருப்போம். மூன்றாம் நாள் பார்த்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது.

முதல் வருடம் நிறுத்தற்கடிகாரமும் கையுமாக எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு நாடகக் குழு எட்டு நிமிடம் இழுத்துவிட்டது. அடுத்து ஏறவேண்டிய பொம்மலாட்டக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவர்களோ உள்ளே வந்து நாடகக்காரர்களின் கட்டிலை ஆளுக்கொரு கால் பிடித்துத் தூக்கினார்கள். நாலே நிமிடத்தில் மேடை காலி. மறுநாளிலிருந்து மற்ற குழுக்களும் அப்படியே செய்யத் தொடங்கின.

நான் புத்திசாலித்தனமாக அதை அடுத்த வருட விதிமுறையில் எழுதிவைத்தேன்: ‘அடுத்த குழு, முந்தைய குழுவுக்கு உதவ வேண்டும்.’ அந்த வருடம்தான் முணுமுணுப்பு ஆரம்பித்தது. “போன தடவை நாங்கள்தானே தூக்கினோம்?” என்று கணக்குப் பேசினார்கள். மூன்றாம் வருடம் அந்த வரியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். கட்டில்கள் மறுபடி தானாக நகர்ந்தன.

1947-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சர்வதேச விழா தொடங்கியபோது, அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் போய்த் தாங்களே இடம் பிடித்து ஆடின. ஃப்ரிஞ்ச் என்ற வழக்கம் அங்கிருந்து வந்தது. இன்றும் அங்கே தேர்வுக்குழு கிடையாது. நாங்களும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. தகுதிப் பட்டியல் என்று ஒன்று இருந்திருந்தால், அந்தக் கட்டிலை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ‘எல்லோரும் சேர்ந்து செய்வதுதானே’ என்ற பேச்சு, சம்பளத்தை வெட்டுவதற்கும் பயன்படும். விளக்கு இயக்குபவரின் கூலியைக் குறைக்க ஒருமுறை அப்படித்தான் பேசினார்கள். 12 மணி நேரம் ஓய்வில்லாமல் உழைப்பவரிடம் நல்லெண்ணத்தைக் காட்டிப் பேரம் பேசக் கூடாது என்று சொன்னேன். முகம் சுளித்தார்கள், கூலி முழுசாக வந்தது.

கடைசி இரவு நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கும் வேலை. ஒவ்வொன்றின் அடியிலும் வீட்டு எண் எழுதியிருக்கும். முதல் நாள் மேளச் சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மாவின் நாற்காலியில் ஒரு கால் விரிசல் விட்டிருந்தது. யாரோ பச்சை டேப் சுற்றியிருந்தார்கள்.

“எந்த நாடகத்துல?” என்று கேட்டார். சொன்னேன். வாசலிலேயே போட்டு உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்.

“ஆடுது” என்றார். அப்புறம் டேப்பைப் பிரிக்காமலே உள்ளே எடுத்துப் போனார்.