சுசீந்திரத்துல நடை சாத்துற நேரம்

அம்மா போய் ஒரு வருஷம் முடிஞ்சு திதி கொடுத்தாச்சு. அதுக்குப் பிறகு வந்த ஆடி அமாவாசைக்கு கன்னியாகுமரில தர்ப்பணம் பண்ணணும்னு அண்ணன் சொன்னான், நானும் சென்னைல லீவு போட்டு ரயில் ஏறிட்டேன். தர்ப்பணம் பண்றது அவன்தான், நான் கூட நின்னா போதும். ஆனா எனக்கு ஊருக்கு வரவே பயமா இருந்துச்சு, அந்த வீட்டுக்குள்ள போகணுமேன்னு.

எங்க வீடு தேரூர் பக்கம். அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா தனியாத்தான் இருந்தாங்க, வயசு 78. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, அவ்வளவுதான். கடைசி நாள் ராத்திரி எட்டரைக்கு என்கிட்ட போன்ல பேசினாங்க, நாளைக்கு ஆப்பம் சுடணும், அரிசி ஊறப் போட்டிருக்கேன், ஆட்டணும்னு சொல்லிட்டு வச்சாங்க. காலைல பால் ஊத்த வந்தவரு கூப்பிட்டு கூப்பிட்டு பார்த்து பின்பக்கமா போயிருக்காரு, பின்வாசல் கதவு திறந்து கிடந்திருக்கு, அம்மா தார்சால (வராந்தா மாதிரி இருக்கும்) அந்த வாசலப் பார்த்து சரிஞ்சு கிடந்தாங்க. கைல டார்ச் லைட். அது அணையாம மஞ்சளா எரிஞ்சிட்டே இருந்துச்சாம்.

அந்த டார்ச் தான் என்னை ஒரு வருஷமா தூங்க விடல. எதுக்கு எழுந்தாங்க? யாராவது கூப்பிட்டாங்களா, ஏதாவது சத்தம் கேட்டுச்சா, நெஞ்சு வலிச்சு பக்கத்து வீட்டுக்கு போக கதவத் திறந்தாங்களா? வந்து பார்த்த டாக்டர் இதயம் நின்னுபோச்சுன்னு எழுதிக் கொடுத்தாரு. எல்லாச் சாவுலயும் இதயம் நிக்கத்தான் செய்யும், ஏன் நின்னுச்சுங்கறது தானே என் கேள்வி. போஸ்ட்மார்ட்டம் வேணுமான்னு ஒரு பேச்சு வந்தப்போ பெரியவங்க எல்லாரும் இந்த வயசுல எதுக்கு உடம்ப அறுக்கணும்னாங்க, நானும் சரின்னு தலையாட்டினேன். அப்புறம் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்ட கேட்டேன், இதயத்துடிப்பு திடீர்னு தாறுமாறாகி நின்னிருக்கலாம், நுரையீரல்ல ரத்தக்கட்டி போய் அடைச்சிருக்கலாம், மூளைல ரத்தக்கசிவு ஆகியிருக்கலாம், சுகர் மாத்திரை போடுறவங்களுக்கு ராத்திரில சுகர் ரொம்ப இறங்கியும் இருக்கலாம், போஸ்ட்மார்ட்டம் இல்லாம வெளிய இருந்து பார்த்து எதுன்னு சொல்ல முடியாதும்மான்னு சொன்னாரு. தலையாட்டினது நான் தானே. மாத்திரை அட்டைய எடுத்து எத்தனை மாத்திரை போட்டிருக்காங்கன்னு எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரியா இருந்துச்சு, அதுலயும் ஒண்ணும் கிடைக்கல.

அமாவாசை அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே முக்கடல் சங்கமத்துல கால் வைக்க இடமில்ல. பதினாறுகால் மண்டபத்துப் பக்கம் எள்ளு, தர்ப்பை, பச்சரிசின்னு வச்சுக்கிட்டு வரிசையா உட்கார்ந்திருந்தாங்க. அண்ணன் அம்மா பேர சொல்லும்போது குரல் உடைஞ்சு போச்சு. பிண்டத்த தலைல வச்சு கடலுக்குள்ள இறங்கினவன் அலை வந்து அடிச்சதுல தடுமாறி, திரும்பி என்னைத்தான் பார்த்தான், அப்ப அவன் முகம் சின்ன வயசுல இருந்த மாதிரியே இருந்துச்சு.

குளிச்சிட்டு பகவதி அம்மன தரிசிக்கப் போனோம். அம்மன் மூக்குத்தி வெளிச்சத்த கலங்கரை விளக்கம்னு நினைச்சு கப்பலெல்லாம் பாறைல மோதினதால கிழக்கு வாசல அடைச்சுட்டாங்கன்னு சொல்லுவாங்க இல்லையா, அந்த வாசல் வருஷத்துல அஞ்சு நாள் மட்டும் திறப்பாங்க, அதுல ஆடி அமாவாசையும் ஒண்ணு. சின்னப் பிள்ளைல அம்மா என்னை இடுப்புல தூக்கிக்கிட்டு அந்த வாசல காட்டினது நல்லா ஞாபகம் இருக்கு.

சாயங்காலம் சித்தி (அம்மாவோட தங்கச்சி) சுசீந்திரம் போவோம்னாங்க. பஸ் வழுக்கம்பாறை தாண்டும்போது அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்ற கதைய இந்த தடவ சித்தி சொன்னாங்க. சுசீந்திரத்து சாமி தாணுமாலயன், குமரி அம்மன கல்யாணம் பண்ண ராத்திரில கிளம்பி வந்தாராம், நாரதர் சேவலா கூவினதும் முகூர்த்தம் போச்சேன்னு இங்கேருந்து திரும்பிட்டாராம். "அம்மன் அங்க மாலையோட காத்துக்கிட்டு நிக்கா, எதுக்கு வரலன்னு அவளுக்குத் தெரியாது கேட்டியா," அப்படின்னாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அமாவாசைங்கறதால கோயில்லயும் கூட்டம். 134 அடி ராஜகோபுரம், தெப்பக்குளத்துல அதோட நிழல், உள்ள போனதும் எண்ணெய் வாசனை. கொன்றையடில, அந்தப் பழைய கொன்றை மரத்தடி சன்னதில, கொஞ்ச நேரம் நின்னேன். 18 அடி ஆஞ்சநேயருக்கு அம்மா வருஷா வருஷம் வடைமாலை சாத்துவாங்க, நாங்களும் சாத்தினோம். இந்தக் கோயில்ல முன்னாடி கைமுக்குன்னு ஒண்ணு உண்டு, குற்றம் சாட்டப்பட்டவங்க கொதிக்கிற நெய்யில கைய விட்டு தன் பக்கம் உண்மைன்னு காட்டணும், சுவாதித் திருநாள் மகாராஜா காலத்துல தான் அத நிறுத்தினாங்க. அந்த ஒரு வருஷம் என் மனசு இருந்த நிலைல, நெய்யில கை விட்டா அந்த ராத்திரி என்ன நடந்துச்சுன்னு தெரியும்னா நான் விட்டிருப்பேன்.

நடை சாத்துற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். இசைத்தூண் பக்கத்துல கூட்டம் குறைஞ்சு சத்தம் அடங்கிடுச்சு. ராத்திரில இந்திரன் வந்து இங்க பூசை பண்ணுவான்னு ஐதீகம், அவனுக்கு வேண்டிய பூசை சாமானெல்லாம் உள்ள எடுத்து வச்சிட்டுத்தான் சாத்துவாங்க. சித்தி மெதுவா சொன்னாங்க: "இப்ப சாத்துறவரு காலைல திறக்க மாட்டாரு மக்களே, வேற ஆளுதான் திறப்பாரு. உள்ள வச்ச சாமான் காலைல எப்படி இருந்துன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லக்கூடாது. அகம் கண்டது புறம் கூறேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் இங்க பூசைக்கே வருவாங்க."

அகம் கண்டது புறம் கூறேன். கதவு சாத்தினாங்க, உள்ள விளக்கு எரியுறது கதவு இடுக்குல ஒரு கோடா தெரிஞ்சுது. பிறகு தாழ்ப்பாள் சத்தம். எனக்கு அம்மா கைல இருந்த அந்த டார்ச் வெளிச்சம் தான் கண்ணு முன்னாடி வந்துச்சு, ஆனா எப்பவும் வர்ற படபடப்பு வரல. உள்ள அம்மா தனியா இல்லன்னு தோணுச்சு, அவ்வளவுதான், வேற எப்படி சொல்றதுன்னு தெரியல. அங்கேயே நின்னு அழுதேன். அம்மா போனதுக்கு அழுதது அன்னிக்குத் தான், அதுக்கு முன்னாடி அழுததெல்லாம் எப்படி போனாங்கன்னு தெரியலயேன்னு அழுதது.

திரும்பி வரும்போது சித்தி பக்கத்துல தான் உட்கார்ந்திருந்தேன். அம்மாவ குளிப்பாட்டினது இவங்கதான். முகம் எப்படி இருந்துச்சு, எங்கயாவது அடிபட்டிருந்துச்சான்னு ஒரு வருஷமா எத்தனை தடவ கேட்டிருப்பேன், அவங்களும் சலிக்காம ஒரே பதிலத்தான் சொல்லுவாங்க. அன்னிக்கு நான் கேக்கல. வீட்டுக்கு வந்து பின்வாசல நானே திறந்து கொஞ்ச நேரம் தார்சால உட்கார்ந்தேன். வெளிய இருட்டு, தென்னைல காத்து, வேற ஒண்ணுமில்ல.

அம்மா கடைசியா ஊறப் போட்ட அரிசிய மூணாம் நாள் தான் யாரோ பார்த்து புளிச்சு போச்சுன்னு கொட்டினாங்க. அதே பாத்திரம் அடுக்களைல கவுத்தி இருந்துச்சு. மறுநாள் காலைல எழுந்து அதுல அரிசி ஊறப் போட்டேன், சாயங்காலம் சித்தி தேங்கா சேர்த்து ஆட்டித் தந்தாங்க, அடுத்த நாள் விடிஞ்சதும் ஆப்பம் சுட்டோம். முதல் ஆப்பத்த வாழை இலைல வச்சு அம்மா படத்துக்கு முன்னாடி வச்சிட்டு, அண்ணன எழுப்பப் போனேன்.