போர்த்துக்கலின் உட்பக்கம்

போர்த்துக்கல் என்றால் எல்லாரும் லிஸ்பனையும் கடற்கரையையும்தான் சொல்லுவார்கள், ஆனால் வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு நான் சொல்வது, தெற்கே உட்புறமாக இருக்கிற அலென்தேஜு பக்கம் கட்டாயம் போங்கள். பரந்த சமவெளி, சுடுகிற வெயில், பார்க்கும் இடமெல்லாம் தக்கை மரங்கள். போத்தல் மூடுகிற தக்கை இந்த மரத்தின் பட்டைதான், ஒன்பது வருடத்துக்கு ஒருமுறைதான் அதை உரிக்கிறார்கள், உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே பெயின்ற்றால் எழுதிவிடுகிறார்கள், மரம் சாகாது, பட்டை திரும்ப வளரும். உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதி இந்த நாட்டிலிருந்துதான்.

அப்புறம் அதே பக்கத்தில் இருக்கிற அல்கேவா அணை. 2002இல் அந்த அணையின் கதவுகளை மூடினார்கள். லூஸ் என்ற ஊர் தண்ணீருக்குள் போகும் என்று முன்பே தெரிந்ததால், கொஞ்சம் தள்ளிப் புது ஊர் கட்டிச் சனத்தைக் குடியேற்றினார்கள், மயானத்தையும் விடவில்லை, இறந்தவர்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற என் பெரியம்மாவுக்கு இதைச் சொன்னேன். "செத்த ஆக்களையுமோ தம்பி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டா. எனக்கும் அந்த நாட்டின் மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

புது ஊரில், பழைய ஊரைப் பற்றிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அலென்தேஜுவில் உள்ள எவோரா நகரில் தங்கிக் கார் எடுத்துப் போங்கள், லிஸ்பனில் ஒரு நாளைக் குறைத்தாலும் பரவாயில்லை.