சாப், டைஸ், மின்ஸ்: ஒரு கேரட் பட்ட பாடு

ஃபோனைக் கட் பண்ணுகிறோம், கிளாஸைக் கட் அடிக்கிறோம், கரண்ட் கட் ஆகிறது, சம்பளத்தில் கட் விழுகிறது. இங்கிலீஷ்காரனிடம் ஒரே ஒரு வினைச்சொல்லை வாங்கி இத்தனை வேலை வாங்குகிறோம். அவன் எழுதிய சமையல் குறிப்பைத் திறந்தால் அந்தக் ‘கட்’டைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அதன் இடத்தில் சாப், ஸ்லைஸ், டைஸ், மின்ஸ், ஷ்ரெட், ஸ்கோர், ட்ரிம் என்று ஒரு பட்டாளமே நிற்கிறது.

“இன்னிக்குச் சமையல் என்னோடது” என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவிக்கும் குடும்பத் தலைவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃபிரைட் ரைஸுக்குப் பூண்டை மின்ஸ் பண்ணு, வெங்காயத்தை சாப் பண்ணு, கேரட்டை டைஸ் பண்ணு, பீன்ஸை ஸ்லைஸ் பண்ணு என்று ஃபோன் சொல்லும். அவர் அகராதியில் நாலுக்கும் ஒரே அர்த்தம்: வெட்டு. அரை மணி நேரத்தில் பூண்டு கரி, கேரட் பச்சை, வெங்காயம் போன இடம் தெரியாது.

“ஏங்க, கேரட் வேகவே இல்லையே?”

“அது க்ரஞ்சி. அப்படித்தான் இருக்கணும்.”

அப்படி இருக்கக் கூடாது. அங்கே எழுதியிருந்தது டைஸ். பகடைக் கட்டையிலிருந்து வந்த சொல் அது. ஆறு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. அளவும் உண்டு: ஸ்மால் டைஸ் என்றால் பக்கத்துக்கு 6 மி.மீ., மீடியம் 12 மி.மீ., லார்ஜ் 2 செ.மீ. அளவில். ஃபிரைட் ரைஸுக்கு ஸ்மால். முதலில் கேரட்டின் நாலு பக்க வளைவையும் சீவித் தட்டையாக்க வேண்டும் (சீவியது சாம்பாருக்கு). பிறகு நீளவாக்கில் 6 மி.மீ. தடிமனில் பலகைகள், பலகையை அதே அகலத்தில் குச்சிகள், குச்சியை அதே அளவில் குறுக்கே வெட்டினால் கட்டங்கள். முதல் பலகை கோணலானால் கடைசிக் கட்டம்வரை கோணல்தான்.

இந்தக் கெடுபிடி அழகுக்காக மட்டும் இல்லை. 2 செ.மீ. கட்டம் ஒன்றுக்கு மேற்பரப்பு 24 சதுர செ.மீ. அதையே 1 செ.மீ. கட்டங்களாக்கினால் எட்டு கிடைக்கும், மேற்பரப்பு 48. அதாவது சூடு படும் இடம் இரட்டிப்பு, நடுப்பகுதிக்குச் சூடு போக வேண்டிய தூரம் பாதி. இரண்டையும் கலந்து ஒரே வாணலியில் போட்டால் சின்னது குழையும்போது பெரியது பச்சையாகவே இருக்கும். அப்புறம் அதற்கு க்ரஞ்சி என்று பெயர் வைக்க வேண்டியதுதான்.

சாப் இவ்வளவு கறார் இல்லை. துண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் போதும், உருவத்தை யாரும் கேட்கப் போவதில்லை. முன்னால் ‘ரஃப்லி’ என்று இருந்தால், பெரும்பாலும் பின்னால் மிக்ஸி காத்திருக்கிறது என்று அர்த்தம். அரைக்கப் போகிற தக்காளியை உட்கார்ந்து கட்டம் கட்டமாக நறுக்குவது வீண் உழைப்பு.

மின்ஸ்தான் ஆளைக் கவிழ்ப்பது. முடிந்த மட்டும் பொடியாக, தனித்துண்டு என்று சொல்ல முடியாத அளவுக்கு. பூண்டுப் பல்லைக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஒரு அழுத்து அழுத்தித் தோலை நீக்கி, கத்தி முனையைப் பலகையிலேயே வைத்துக்கொண்டு பிடியை மட்டும் ஏற்றி இறக்கிக் கொத்த வேண்டும். பூண்டின் செல்கள் உடையும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருக்கும் அல்லீனும் அல்லினேஸ் என்ற நொதியும் சேர்ந்து, காரமும் நெடியுமான அல்லிசின் உண்டாகிறது. எவ்வளவு பொடியோ அவ்வளவு நெடி. ஆறு பல்லை மின்ஸ் செய்வதும் அதே ஆறு பல்லை ஸ்லைஸ் செய்வதும் நாக்குக்கு ஒன்றல்ல. தவிர, இவ்வளவு பொடியானது காய்ந்த எண்ணெயில் கண்ணிமைப்பதற்குள் கருகிக் கசக்கும். வெங்காயம் வதங்கிய பிறகு போட்டு, வாசனை வந்ததும் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். பிரிட்டன் குறிப்பு என்றால் இன்னொரு கண்ணி: அங்கே மின்ஸ் என்பது பெயர்ச்சொல்லாக வந்தால் கொத்துக்கறி. “500 கிராம் மின்ஸ்” என்று பார்த்துவிட்டு அரைக் கிலோ பூண்டோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஸ்லைஸுக்கும் சாப்புக்கும் உள்ள வித்தியாசம் துண்டில் மட்டும் இல்லை, கை அசைவிலும் இருக்கிறது. சாப் என்றால் மேலிருந்து கீழே ஓங்கி இறக்குவது. ஸ்லைஸ் என்றால் கத்தியை இழுத்தபடி அறுப்பது. பழுத்த தக்காளியில் இரண்டையும் செய்து பாருங்கள்: மழுங்கிய கத்தியால் அழுத்தினால் தோல் அப்படியே இருக்கும், உள்ளிருப்பது சட்டைக்கு வந்துவிடும். நம் அரிவாள்மணையில் ஓங்கி இறக்குகிற பேச்சே கிடையாது. கத்தி அசையாது, காய்தான் அதை நோக்கிப் போகும். ஏழெட்டு பீன்ஸைக் கற்றையாகப் பிடித்துப் பொரியலுக்கு அரிகிற பாட்டி செய்வது சுத்தமான ஸ்லைஸ்.

அந்தப் பாட்டியிடம் சொல்லுக்கும் பஞ்சமில்லை. கீரையை அரி, வாழைக்காயைச் சீவு, மிளகாயைக் கிள்ளிப் போடு, கத்தரிக்காயைக் காம்போடு நாலா வகிர்ந்து வை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை இருந்தது. இவற்றையெல்லாம் ‘கட் பண்ணு’வில் அடக்கியது நாம்தான்.

ஒரு இடத்தில் மட்டும் இங்கிலீஷ் நம்மைவிடப் பிரித்துப் பேசுகிறது. பச்சை மிளகாயையும் கீறுகிறோம், வறுக்கிற மீனையும் கீறுகிறோம். அவர்களுக்கு முதலாவது ஸ்லிட், உள்ளே திறக்க வேண்டும். இரண்டாவது ஸ்கோர், மேலோட்டமாக மசாலா இறங்கும் அளவுக்குக் கோடு போட்டால் போதும். ஸ்கோருக்கு ஸ்லிட் செய்தால் மீன் வாணலியில் இரண்டாகப் பிரியும்.

அபூர்வமாக ‘கட்’டே நேரில் வந்தால் இன்னும் ஜாக்கிரதை. “கட் த பட்டர் இன்டு த ஃப்ளார்” என்பதைப் பார்த்து வெண்ணெயை அழகாக வெட்டி மைதா மேல் அடுக்கி வைப்பவர்கள் உண்டு. சொன்னது அதுவல்ல. 200 கிராம் மைதாவுக்கு, ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த 100 கிராம் வெண்ணெய். இரண்டு கத்தியாலோ விரல் நுனியாலோ மாவுக்குள்ளேயே சிதைத்துக்கொண்டே போய், பட்டாணி அளவு வந்ததும் நிறுத்த வேண்டும். ஓவனில் அந்தத் துண்டுகள் உருகி, அவற்றின் ஈரம் ஆவியாகி, பண்டம் அடுக்கடுக்காக உதிரும். வெண்ணெய் சுமார் 32 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும். மே மாதச் சென்னைச் சமையலறை அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஏசி அறையில் பிசைவது ஆடம்பரம் அல்ல.

இத்தனைக்கும் ‘கட்’ அந்த மொழியில் மூத்த குடி இல்லை. சுமார் 1300-ஐ ஒட்டித்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. அதற்கு முன் வெட்டுவதற்கெல்லாம் பொதுவாக இருந்தது கார்வ் என்பதன் பழைய வடிவம். ‘கட்’ வந்து வீட்டைப் பிடித்துக்கொள்ள, மாமனாருக்குத் திண்ணையை ஒதுக்கியது மாதிரி, கார்வுக்கு இன்று மிஞ்சியிருப்பது வறுத்த வான்கோழியும் மரமும் கல்லும்தான். சிலை செதுக்குவதற்கும் வறுத்த கோழியைத் துண்டு போடுவதற்கும் ஒரே வினை வந்தது இப்படி.

வினையைச் சரியாகப் பிடித்த பிறகும் ஒரு காற்புள்ளி கவிழ்க்கலாம். “ஒரு கப் கொத்தமல்லி, சாப்ட்” என்றால் இலையைக் கப்பில் அளந்துவிட்டு அப்புறம் நறுக்க வேண்டும். “ஒரு கப் சாப்ட் கொத்தமல்லி” என்றால் நறுக்கிவிட்டு அளக்க வேண்டும். முதல் வகையில் நறுக்கியது சுருங்கிக் கப்பின் அடியில் கிடக்கும். காய்காரர் கொசுறாகக் கொடுப்பதே போதும். இரண்டாவது வகைக்குக் கொசுறு காணாது. காசு கொடுத்து முழுசாக ஒரு கட்டு வாங்க வேண்டும்.