ஃபேக்டர் முதலில், எக்ஸ்ரே அப்புறம்

இரவு ஒன்பதரைக்கு மகன் சொன்னான்: “அம்மா, முட்டிக்குள்ள குறுகுறுங்குது.” வீக்கம் இல்லை, வலியும் இல்லை. ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோபிலியா உள்ள வீட்டில் அந்தக் குறுகுறுப்புக்கு அர்த்தம் தெரியும்: மூட்டுக்குள் ரத்தம் கசிகிறது. வலது முட்டியில் ஆறு மாதத்தில் இது மூன்றாவது கசிவு. பத்து மணிக்கெல்லாம் கேஷுவால்டியில் இருந்தோம்.

ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் எட்டு மருந்து ஏறியதோ ஒன்றரை மணிக்கு.

“முதல்ல எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க” என்றார் டியூட்டி டாக்டர். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எலும்பு நன்றாக இருக்கிறது என்று வந்தது. அது எனக்கு முன்பே தெரியும். அதற்குள் வலி ஏறிவிட, இடுப்பில் போட டைக்ளோஃபெனாக் ஊசியோடு வந்துவிட்டார்கள். குறுக்கே நின்று தடுத்தேன். நம் பிள்ளைகளுக்குத் தசையில் ஊசி கூடாது, அந்த மருந்தும் கூடாது. வலிக்குப் பாரசிட்டமால் கேளுங்கள். அடுத்து, ஃபைல் இல்லாமல் ஃபேக்டர் எடுக்க முடியாது என்றார்கள். ஃபைல் வீட்டு பீரோவில் இருந்தது. அது என் தப்பு. கணவர் போய் எடுத்து வருவதற்குள் முட்டி வீங்கிப் பளபளத்தது. சில்லு இருக்கும் இடமே தெரியவில்லை.

இப்போது நோயின் வகை, எடை, டோஸ், ‘முதலில் ஃபேக்டர், சோதனை பிறகு’ என்று ரத்தநோய் டாக்டர் கையெழுத்திட்ட கடிதம் என் போனில் இருக்கிறது, பள்ளிப்பையிலும் இருக்கிறது. இன்றே நீங்களும் வாங்கி வையுங்கள்.

கசிவு வராமலிருக்க முன்கூட்டியே போடும் தடுப்பு ஃபேக்டருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டில் மாமியார் எண்ணெய் போட்டு நீவ வந்தார். பாசம்தான், ஆனால் நீவினால் கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸ் மட்டும் வைத்தோம். நான் சறுக்கியது வேறு இடத்தில். வலிக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்தேன். பத்து நாளில் கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. தேங்கிய ரத்தத்தின் இரும்பு குருத்தெலும்பை அரிக்கும், தொடைத் தசையும் இளைத்தால் அந்த மூட்டைத் தாங்க ஆளில்லை என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது அழுகை வந்துவிட்டது.

அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி இது: பாயில் காலை நீட்டி, முட்டியின் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்தி, ஐந்து எண்ணி விட வேண்டும். காலையில் பத்து, மாலையில் பத்து. முதல் நாள் முட்டிக்கும் பாய்க்கும் நடுவே என் முஷ்டி நுழைந்தது. மூன்றாம் வாரம் இரண்டு விரல். நேற்று சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தேன், போகவில்லை.

“இன்னொரு தடவை பாரும்மா” என்றான்.