பற்பம் எப்போது, மாத்திரை எப்போது? ஒரு பதிலுக்காக ராமநாதபுரத்தில் பட்ட பாடு

எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் டி.எல்.டி. மாத்திரை (டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்தது) வாங்குவது பெரிய பாடில்லை. புத்தகத்தை நீட்டினால் எடை பார்த்து டப்பாவைத் தந்துவிடுகிறார்கள். கூடவே சித்த மருந்தும் சாப்பிடுகிறவருக்கு, எதை எப்போது விழுங்குவது என்ற பதிலை வாங்கத்தான் உயிர் போகிறது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் துணையாகப் போய்ப் பார்த்ததை எழுதுகிறேன்.

தப்பு முதல் கேள்வியிலேயே ஆரம்பிக்கிறது. "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" வந்தவர் சாப்பிடுவது பொடி. "இல்லைம்மா" என்கிறார்; அட்டையில் 'இல்லை' ஏறிவிடுகிறது. பொடி, லேகியம், கஷாயம், செந்தூரம் என்று பெயர் சொல்லிக் கேட்டால் எல்லாரும் சொல்வார்கள். கேட்காவிட்டால் நாமே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வம்பு பொட்டலம். மடித்த வெள்ளைத்தாள், உள்ளே வெள்ளைப் பொடி, மேலே பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ஆலோசகர் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன மருந்துன்னு தெரியாம நான் எப்படிச் சொல்ல? சித்தா பிரிவுல கேளுங்க" என்றார். அங்கே போனால், "நாங்க கொடுத்ததில்லையே, அங்கேயே கேளுங்க." அதற்குள் ஓ.பி. நேரம் முடிந்துவிட்டது. ஒரு நாள் கூலியும் போச்சு. வைத்தியரிடம் மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். சீட்டு வாங்க நோயைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை.

சீட்டு வந்ததும் விஷயம் தெளிந்தது: சங்கு பற்பம் (சங்கைச் சுட்டுப் பொடியாக்கிய மருந்து), காலை இரவு இரண்டு வேளை, நெய்யில். இரவு 8 மணிக்குப் பற்பம், 9 மணிக்கு டி.எல்.டி. இதுதான் ஆபத்தான இடைவெளி. டி.எல்.டி.யில் 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் இருக்கிறது. கால்சியம், இரும்பு, மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் எது குடலில் இருந்தாலும் டோலுடெக்ராவிர் அதனோடு ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் சரியாகச் சேராமல் வெளியேறிவிடும். சங்கு, பவளம், முத்துச்சிப்பிப் பற்பங்கள் கால்சியம். அயச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் இரும்பு. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசிலும் இதே கணக்குதான்.

விதி இது: மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துப் பற்பம், பற்பம் முந்திவிட்டால் 6 மணி நேரம் கழித்து மாத்திரை. கால்சிய, இரும்பு மாத்திரைகளைச் சாப்பாட்டோடு டி.எல்.டி.யுடன் சேர்த்து எடுக்கலாம் என்று விதிவிலக்கு உண்டு. ஆனால் பொட்டலத்தில் வேறென்ன கலந்திருக்கிறது என்று தெரியாதபோது அதை நம்பாதீர்கள். டி.எல்.டி. விடியற்காலை 5, பற்பம் காலை 8, இரவு 8 என்று வைத்தால் இரண்டு வேளையும் தப்பாது. கேட்டு நின்றதற்குப் பலனாக ஆலோசகரே நேரத்தை மாற்றி டப்பாவின் மேல் பேனாவால் எழுதிக் கொடுத்தார். வைரல் லோடு (ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு) 1000-க்கு மேல் வந்தால் "மாத்திரையை ஒழுங்காப் போடலை" என்றுதான் முதலில் சொல்வார்கள். அப்போது பற்பத்தின் சீட்டையும் எடுத்து நீட்டுங்கள்.

ரசம், அதாவது பாதரசம் சேர்ந்த மெழுகு, செந்தூரம் என்றால் நேரம் மாற்றிப் பயனில்லை. டெனோபோவிர் ஏற்கெனவே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. பாதரசமும் அங்கேதான் அடிக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் இரண்டும் பார்க்காமல் தொடாதீர்கள். நெவிரபின் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த கூட்டில் இருக்கிறவர்கள் திரிகடுகு சூரணத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்: மிளகு, திப்பிலியின் பைப்பரின் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றுகிறது. குழம்பில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். பேதி மருந்து குடிக்கும் நாளில் மாத்திரை நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பத்தியம் என்று மாத்திரையை விட வேண்டியதில்லை, டி.எல்.டி.யைச் சாப்பிட்டும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம்.

"மண்டலம் முடியிற வரை இங்கிலீஷ் மருந்தை நிறுத்து" என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். டி.எல்.டி.யின் டெனோபோவிரும் லாமிவுடினும்தான் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்கி வைக்கின்றன. ஹெபடைடிஸ் பி-யும் இருப்பவர் திடீரென நிறுத்தினால் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வரக்கூடும். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்துவார்கள். கண் மஞ்சளானால் அன்றைக்கே மையத்துக்குப் போங்கள். ஹெபடைடிஸ் பி முடிவு உங்கள் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று இப்போதே புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை மாத்திரை வாங்கும்போது கேட்டு எழுதி வாங்குங்கள்.