அவசர மருத்துவப் பயிற்சி: இணையவழியா, வகுப்பறையா?

குளச்சலிலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும் ஆம்புலன்சில் நோயாளிக்குத் துணை, உடன் இருக்கும் உதவியாளரின் கைகள்தாம் என்பதால், இப்பயிற்சியில் சேர விரும்பும் நம் மாவட்டத்து இளைஞர்கள் வகுப்பறையையே தேர்ந்தெடுக்க வேண்டுமென்று விரும்புகிறேன். உடற்கூறு போன்ற பாடங்களை இணையவழியில் நன்றாகவே படிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு அது பெரும் வசதி. ஆனால், இதயம் நின்ற வயதுவந்தவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6-ஐத் தாண்டாமலும் அழுத்தி, ஒவ்வொரு முறையும் அது முழுமையாக மேலெழ விடுவதை, பயிற்றுநர் அருகில் நின்று திருத்த, பொம்மையின் மீது பழகித்தான் கற்க முடியும். கடலில் மூழ்கியவருக்கு மூச்சூட்டலும் இன்றியமையாதது. கடலோர மக்களாகிய நமக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது. இணையவழியும் வகுப்பறையும் கலந்த படிப்பென்றால், எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எத்தனை மணி நேரச் செய்முறை என்பதை எழுத்தில் பெற்ற பிறகே கட்டணம் செலுத்துங்கள்.